கூரையில் ஏறுபவர் விழுந்தால் யார் பொறுப்பு?

தம்பி, கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் வாங்கிய வீட்டின் கூரையையும் நிலக்கீழ்த் தளத்தையும் ஊரில் செய்வதுபோலத் தெரிந்த ஆட்களை நாட்கூலிக்குப் பிடித்துத் திருத்தலாமா, யாராவது விழுந்துவிட்டால் அது அவர்பாடுதானே என்று கேட்டிருந்தீர்கள். நான் இப்போது விடுமுறையில் யாழ்ப்பாணத்து இணுவிலில், தங்கை வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். முற்றத்தில் சாரம் கட்டி மேல்மாடிச் சுவர் எழுப்புகிறார்கள். ஒரு மேசன், மூன்று கூலியாட்கள், அன்றன்று மாலை காசு. இங்கும் சட்டம் இல்லாமல் இல்லை, வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934 தொட்டே இருக்கிறது. ஆனால் ஒருவர் விழுந்தால் பெரும்பாலும் நடப்பது, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து, வீட்டாரின் கையில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுப்பதுதான்.

ஒன்ராறியோவில் அது அவ்வளவில் முடியாது. முழு வேலையையும் ஒரே ஒப்பந்தகாரரிடம் ஒப்படைத்தால், வேலைத்தளத்தின் பாதுகாப்புக்கு அவரே முதற்பொறுப்பாளர். மிச்சம் பிடிக்கவென்று கூரைக்கு ஒருவர், மின்வேலைக்கு ஒருவர், குழாய்க்கு ஒருவர் என்று நீங்களே தனித்தனியாகப் பிடித்தால், தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தப் பொறுப்பாளரின் இடத்துக்கு நீங்களே வந்துவிடக்கூடும். நீங்கள் உங்கள் கையாலேயே செய்யும் வேலைக்கு அந்தச் சட்டம் இல்லை. பலர் அதைப் பிடித்துக்கொண்டு, கூலிக்கு ஏறுபவருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்று மீற்றருக்கு மேல் விழக்கூடிய இடமென்றால் விழாமல் காக்கும் ஏற்பாடு வேண்டும், உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சியும் வேண்டும். அந்தப் பயிற்சி மூன்று ஆண்டுகளுக்கே செல்லும்.

எல்லாரும் தவறவிடுவது டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்னும் வேலையிடக் காப்புறுதிச் சபை பற்றிய விடயம். 2013 தொடக்கம் கட்டுமானத்தில் தனியாளாகத் தொழில் செய்பவர்களும் அதில் சேரவேண்டும் என்றாலும், வீட்டில் குடியிருப்பவர் நேரடியாக அமர்த்தும் திருத்தவேலையை மட்டுமே செய்பவர்களுக்கு விலக்கு உண்டு. நீங்கள் பிடிக்க நினைக்கும் ஆட்கள் பெரும்பாலும் அந்த விலக்குக்குள் நிற்பவர்களே. காப்புறுதி உள்ள தொழிலாளி காயப்பட்டால் சபை தரும் உதவியைப் பெறலாம். அல்லது அதைவிட்டு உங்கள்மீது வழக்குப் போடலாம். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். காப்புறுதி இல்லாதவருக்கு அந்தத் தெரிவே இல்லை. கால் முறிந்து ஆறு மாதம் வருமானமின்றி இருப்பவர், எவ்வளவு நல்ல மனிதராயினும், வீட்டுச் சொந்தக்காரரின் பக்கம் திரும்பத்தான் செய்வார்.

அது எனக்கே நடந்தது. கூரைத்தகடு மாற்ற வந்த, ஊரிலிருந்தே தெரிந்த ஒருவர் ஏணி சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன், பிறகு இரண்டு தரம் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபதாவது மாதத்தில் வழக்கறிஞரின் கடிதம் வந்தது. வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள் இருப்பதால் அவர் பிந்தவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக் காப்புறுதிக் கம்பனி எனக்காக வழக்கறிஞரை அமர்த்தியது, ஆனால் திருத்தவேலை நடப்பதை ஏன் முன்கூட்டி அறிவிக்கவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே, ஆட்களைப் பிடிக்குமுன் காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, என்ன வேலை, எத்தனை நாள் என்று சொல்லுங்கள். ஒப்பந்தகாரரிடம் பொறுப்புக் காப்புறுதியின் சான்றிதழையும், அவரின்கீழ் ஆட்கள் வேலை செய்தால், சபையில் அவரின் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று காட்டும் தெளிவுச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அவர் வைத்திருக்கும் ஆட்களுக்கு மேற்சொன்ன விலக்கு பொருந்தாது. ஆளைத் தெரிவுசெய்வதில் நியாயமான கவனம் எடுத்தீர்கள் என்பது, வீட்டுக்கு வருபவரின் பாதுகாப்புக்கு வீட்டில் இருப்பவரைப் பொறுப்பாக்கும் குடியிருப்போர் பொறுப்புச் சட்டத்தின்கீழ் கேள்வி எழுந்தால் உங்களுக்குத் துணைநிற்கும். காசாகக் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தக் குறைப்பு எந்தச் செலவை விட்டதால் வந்தது என்று அவரிடமே கேளுங்கள்.