காலிங் பெல்லை ஏன் கழற்றச் சொன்னார்?

கேள்வி: எனக்கு வயது 36. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஒரே மகன், ஏழாவது படிக்கிறான். கடைக்குப் போக நேரமே கிடைக்காததால் துணி, செருப்பு, பாத்திரம் எல்லாமே ஆப்பில்தான். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஆர்டர் போட்டுவிடுவேன். சைஸ் சரியாக வராது என்பதால் ஒரே குர்த்தியை மூன்று சைஸில் வரவழைத்து, பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவேன். சில சமயம் எதுவுமே பிடிக்காது. போன மாதம் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. எட்டு மாதத்தில் 61 பொருள் வாங்கி 44 பொருளைத் திருப்பியிருக்கிறேனாம். இனிமேல் என் கணக்குக்கு ரிட்டர்னும் கிடையாது, கேஷ் ஆன் டெலிவரியும் கிடையாதாம். வாலட்டில் 3,140 ரூபாய் வேறு மாட்டிக்கொண்டு நிற்கிறது, கேட்டால் பதில் இல்லை. ரிட்டர்ன் உண்டு என்று அவர்களே விளம்பரம் செய்துவிட்டு, செய்தால் தண்டிப்பது என்ன நியாயம்? நான் என்ன திருடியா? பகலில் வீட்டில் மாமியார் மட்டும்தான். பார்சல் வந்தால் அவர் பணம் கொடுத்து வாங்கி வைப்பார், எடுக்க வந்தாலும் அவரே கொடுத்துவிடுவார். அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. (வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் காலிங் பெல்லைக் கழற்றிவிடச் சொல்லி நச்சரிக்கிறார்.) அவர் பெயரில், அவர் செல் நம்பரில் புதுக் கணக்கு ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். அதையும் தடுத்துவிடுவார்களா? இப்போதைக்கு வேறொரு ஆப்பில் வாங்குகிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம். அந்த வரியை முதலில் வெளியே எடுங்கள்.

காலிங் பெல்லைக் கழற்றச் சொல்லி அத்தை நச்சரிக்கிறார். காரணம் வயது என்று தீர்ப்பையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். மாமியார் மருமகள் கடிதங்களை வருஷக்கணக்காகப் படித்து வருகிறேன். பகல் முழுக்கத் தனியாக இருக்கிற ஒரு வயதான அம்மா பெல்லைக் கழற்றச் சொன்னதாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. கேஸ் போடுகிறவர் வந்தாலும் கீரைக்காரம்மா வந்தாலும் இரண்டு வார்த்தை பேச ஆள் கிடைத்ததே என்றுதான் இருப்பார்கள். பெல் ரிப்பேரானால் சரி பண்ணச் சொல்லி மகனைப் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் கழற்றச் சொல்கிறார் என்றால், அந்தச் சத்தம் கேட்கும்போது அவருக்கு ஏதோ ஆகிறது.

என்ன ஆகிறது? உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். வந்தது 61, போனது 44, மொத்தம் 105. ஒரே பையில் இரண்டு மூன்று வந்திருக்கும் என்று தாராளமாகவே கழித்தாலும், எட்டு மாதத்தில் ஐம்பது அறுபது தடவையாவது அந்த வாசலுக்கு ஆள் வந்திருக்கும். படுத்திருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து போனவர் அவர்.

வாங்கி வைப்பதுகூடப் பரவாயில்லை. திருப்பிக் கொடுக்கிறாரே, அதை யோசித்தீர்களா? எடுக்க வருகிற தம்பி பையை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட மாட்டார். வாசலிலேயே பிரிப்பார். டேக் இருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா, ஆப்பில் இருக்கிற படமும் கையில் இருக்கிற துணியும் ஒன்றுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அது அவர் வேலை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஓ.டி.பி. உங்கள் செல்லுக்கு வரும். நீங்கள் புதுச்சேரியில் வேலையாக இருப்பீர்கள். அத்தை உங்களுக்கு போன் போட்டுக்கொண்டே நிற்க, நீங்கள் எடுக்காமலிருக்க, வெயிலில் நிற்கிற அந்தத் தம்பி "என்ன பாட்டி, இதுவும் ரிட்டர்னா?" என்று கேட்டுவிடுவார். எதிர் வீட்டில் ஆள் இருக்கும். மஞ்சக்குப்பத்தில் எதிர் வீட்டு ஜன்னல் எந்த நேரத்தில் மூடியிருந்திருக்கிறது? குர்த்தி பிடிக்கவில்லை என்றது நீங்கள். அதற்காக வாசலில் அசடு வழிய நிற்பவர் அவர்.

இதை எல்லாம் நீங்கள் எழுதவில்லை, நானாக ஊகிக்கிறேன். தப்பென்றால் என்னைத் திட்டி எழுதுங்கள், அப்படியே போடச் சொல்கிறேன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. "அவர் பணம் கொடுத்து வாங்கி வைப்பார்." யார் பணம்? காலையில் நீங்கள் எடுத்து வைத்துவிட்டுப் போகிற பணமா, அவர் சுருக்குப் பையில் வைத்திருக்கிற பணமா? பார்சல் எந்த நாளில் வரும் என்று உங்களுக்கே சரியாகத் தெரியாது. அதனால் முக்கால்வாசி அவர் பணமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பொருளைத் திருப்பினால் ரீஃபண்ட் எங்கே வருகிறது? உங்கள் வாலட்டுக்கு. அதில் 3,140 நிற்கிறது என்று கம்பெனியைத் திட்டுகிறீர்களே, அதில் அத்தைக்குக் கொடுக்க மறந்தது எவ்வளவு என்று ஒரு வரி இல்லை.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நீங்கள் திருடி இல்லை. அதற்கு இது போதும்.

நிறுவனம் செய்தது சட்டப்படி சரியா? சட்டம் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று எந்தக் கடையும் சொல்ல முடியாது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கொண்டுபோனால் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டுப் பழுதான சாமானைத் தலையில் கட்டுகிற வேலை எல்லாம் செல்லாது. ஆப்பில் விற்பவர்களுக்கும் அதே வருஷம் தனியாக விதிகள் வந்தன. படத்தில் ஒன்றைக் காட்டி வேறொன்றை அனுப்பினாலும், போலியை அனுப்பினாலும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஆகவே உங்கள் கணக்கில் ரிட்டர்னை நிறுத்திவிட்டார்கள் என்பதற்காக நாளைக்குக் கிழிந்த துணியை அனுப்பிவிட்டு அவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த இடத்தில் விடாதீர்கள், சண்டை போடுங்கள். ஆனால் பொருள் நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் மனசு மாறிவிட்டது என்பதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. அது கடைக்காரர் தானாகக் கொடுக்கிற சலுகை. எல்லோருக்கும் கொடுத்ததை ஒருவருக்கு நிறுத்த அவருக்கு உரிமை இருக்கிறது.

நம் ஊரில் மட்டும் நடக்கிற கதையும் இல்லை இது. அமெரிக்காவில் எல்.எல்.பீன் என்று ஒரு கடை. 1912இல் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு பூட்ஸ் விற்று ஆரம்பித்தது. முதலில் விற்ற 100 ஜோடியில் 90 பிய்ந்து திரும்பி வந்ததாகவும், முதலாளி எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். எத்தனை வருஷம் கழித்துக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று சொல்லி வந்த கடை அது. 2018இல் ஒரு வருஷம்தான் என்று கெடு வைத்துவிட்டார்கள். வருஷக்கணக்காகப் போட்டுத் தேய்த்ததையும், யாரோ வீட்டு வாசலில் விற்ற பழசை வாங்கி வந்ததையும் நீட்டிப் பணம் கேட்க ஆரம்பித்தால் அவர்தான் என்ன செய்வார்? அதே வருஷம் அமேசான் அளவுக்கு மீறித் திருப்புகிறவர்களின் கணக்கை மூடுகிறது என்று செய்தி வந்தது. அடுத்த வருஷம் இங்கிலாந்தின் ஏசாஸ் துணிக்கடையும் அப்படிப்பட்ட கணக்குகளை நிறுத்தப்போவதாக வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. நீங்கள் அனுப்பிய 44 பொருளும் வந்த வழியே வண்டி ஏறித் திரும்பிப் போகின்றன. பிரித்துப் பார்த்து, இஸ்திரி போட்டு, மறுபடி மடிக்க ஒருவருக்குக் கூலி. இதில் ஒரு பங்கு திருப்பூரில் நாலு தையல் மெஷின் வைத்திருப்பவர் தலையிலும் விழும்.

சைஸ் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல். அதற்கு மூன்று குர்த்தி எதற்கு? இஞ்ச் டேப் பத்து இருபது ரூபாய். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய குர்த்தியைத் தரையில் விரித்து மார்பு, தோள், நீளம் அளந்து செல்லில் குறித்து வைத்துக்கொண்டு, ஆப்பில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டு ஒன்றே ஒன்று வாங்குங்கள். "சில சமயம் எதுவுமே பிடிக்காது" என்கிறீர்களே, அதற்கு டேப் உதவாது. தவளக்குப்பத்துக்கும் அரியாங்குப்பத்துக்கும் நடுவே பஸ்ஸில் பொழுது போகாமல் விரலால் தட்டியது வேறெப்படி இருக்கும்?

என் அம்மா ஞாபகம் வருகிறது. நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தோம். தீபாவளி சமயத்தில் லாரன்ஸ் ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து பையன் சைக்கிளில் பத்துப் பன்னிரண்டு புடவையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவான். பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தனுப்பலாம். முன்பணமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஒரு வருஷம் என் அக்கா ஆசைக்கு ஒன்றை மேலே போட்டுப் பார்த்ததில் முந்தானையில் குங்குமம் பட்டுவிட்டது. பாசிப்பச்சை. வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காத கலர். மடித்து உள்ளே வைத்துவிட்டால் பையனுக்குத் தெரியப் போவதில்லை. அம்மா மூட்டையை அவனிடம் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். கல்லாவில் நின்று, "இதில் கறை பண்ணிவிட்டோம், இதை எடுத்துக்கொள்கிறேன், அந்த அரக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் ஆசைப்பட்டது அந்த அரக்கு. பாசிப்பச்சையை அவள் கட்டி நான் பார்க்கவே இல்லை. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அதில் தூளி கட்டித்தான் தூங்கின.

நீங்கள் என்ன செய்யப் பார்க்கிறீர்கள்? அத்தை பெயரில் கணக்கு. இந்தக் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். இத்தனை நாள் அவர் காலையும் வாயையும் பணத்தையும் கடன் வாங்கினீர்கள். இப்போது பெயரையும் கேட்கிறீர்கள். நிறுவனம் கண்டுபிடிக்குமா என்றால், விலாசம் அதேதானே, அவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். மறுபடி தடுத்தால் "அளவுக்கு மீறித் திருப்புகிறீர்கள்" என்ற செய்தி யார் செல்லுக்குப் போகும்? ஆயுசில் ஒரு குர்த்தி வாங்கியிராத அம்மாவின் செல்லுக்கு. ஏழாவது படிக்கிற பிள்ளைதான் அதை அவருக்குப் படித்துக் காட்டுவான். பெரியவர்களை நம்மோடு வைத்துக்கொள்வதென்றால் அவர்கள் முகத்துக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் கடமை, சோறு இரண்டாவது என்று நினைக்கிற பழைய ஆள் நான். மாற்றிக்கொள்வதாகவும் இல்லை.

உங்கள் கணவரையும் விடுவதற்கில்லை. ஷிப்ட் என்றால் சில வாரம் பகலில் அவரும் வீட்டில்தானே இருப்பார்? "மாமியார் மட்டும்தான்" என்று எப்படி எழுதினீர்கள்? தூங்குகிறார் என்பீர்கள். அத்தைக்குத் தூக்கம் வராதா? அதை அவரிடம் நீங்களே கேளுங்கள்.

வாலட் பணத்தை விடாதீர்கள், அது உங்கள் வீட்டுப் பணம். ரிட்டர்னை நிறுத்தலாம், பணத்தை நிறுத்திவைக்க முடியாது. ஆப்பில் குறைதீர் அதிகாரியின் பெயரும் மெயிலும் இருந்தாக வேண்டும், அவருக்கு எழுதுங்கள். புகார் வந்து சேர்ந்தது என்று 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. பணம் வந்ததும் அத்தையோடு உட்கார்ந்து எட்டு மாதக் கணக்கைப் பாருங்கள். பார்க்காமலே முழுசாகக் கொடுத்துவிட்டாலும் நல்லதுதான்.

பெல்லைக் கழற்ற வேண்டாம். வேறொரு ஆப்பில் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்களே, அதில் அடுத்த பிக்கப் எந்தத் தேதி என்று பாருங்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். அத்தையைக் கோயிலுக்கோ தங்கை வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். எத்தனை மணிக்கு வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. குளிக்கப் போகலாமா, கொஞ்சம் படுக்கலாமா என்றும் தெரியாது. காலையிலிருந்து காதை வாசலிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.