டொக்டரைக் கேளுங்கள்: இலக்கத்தைக் குறைத்தார்களே, ஏன்?

கேள்வி: டொக்டர், எங்கள் மகள் 28 கிழமையில் பிறந்தாள். நிறை 1,100 கிராம். மூன்றாம் நாள் நெஞ்சு அதிர அதிர ஓடும் வென்டிலேற்றரில் போட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று திரையில் தெரிந்த இலக்கங்களைக் கொப்பியில் குறித்து வந்தேன். மிஸ்ஸி ‘எம்.ஏ.பி.’ என்று சொன்னது 10இல் இருந்து 12, 14, 16 என்று ஏறியது. இயந்திரம் கொடுத்த ஒட்சிசன் 80 வீதத்தில் இருந்து 35க்கு இறங்கியது. பின்னேரம் எம்.ஏ.பி.யை 13க்குக் குறைத்தார்கள். இரவு காபனீரொட்சைட்டு கூடிவிட்டது என்று 12 ஹேர்ட்ஸை 10 ஆக்கினார்கள். பிள்ளை கஷ்டப்படும் நேரத்தில் இயந்திரத்தைக் குறைத்தது ஏன்? மகளுக்கு இப்போது ஏழு மாதம், வீட்டில் சுகமாக இருக்கிறாள். கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.
— ஒரு தகப்பன், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, மகள் வீட்டில் இருக்கிறாள் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் கொப்பியைப் பார்த்தால், அன்று அங்கே நின்றவர்கள் கண் இமைக்காமல் பார்த்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

10 ஹேர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 600 அசைவு. ஒவ்வோர் அசைவிலும் மகளுக்குப் போன காற்று அரைத் தேக்கரண்டி கூட இராது. எம்.ஏ.பி. என்பது அந்த அதிர்வுக்கு நடுவில் நுரையீரலுக்குள் எப்போதும் நிற்கும் சராசரி அமுக்கம். அதன் வேலை நுரையீரலைத் திறந்து வைத்திருப்பது.

மரக்கறிக் கடையில் தரும் மெல்லிய சொப்பிங் பை மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டால் திறக்க என்ன பாடு! தேய்த்து, ஊதித்தான் பிரிக்க வேண்டும். பிரிந்தபிறகு லேசான காற்றே போதும். குறைமாதப் பிள்ளையின் காற்றுப் பைகளும் அப்படித்தான். அவற்றை ஒட்டாமல் வைக்கும் சர்பாக்டன்ட் போதிய அளவு ஊறியிருக்காது. ஒட்டிய பையைக் கடந்து போகும் இரத்தம் ஒட்சிசன் எடுக்காமலே திரும்பும். 12, 14, 16 என்று ஏற்ற ஏற்றப் பைகள் திறந்தன, அதனால் ஒட்சிசனை 35க்கு இறக்க முடிந்தது. திறந்ததைத் தாங்கி நிற்க அவ்வளவு அமுக்கம் தேவையில்லை. 13 வந்தது அதனால்தான்.

16இலேயே விட்டிருந்தால்? பைகள் அளவுக்கு மீறி விம்மினால், சுவரில் ஓடும் மயிரிழை இரத்தக் குழாய்கள் நசுங்கும். காற்று இருக்கும், அதை எடுத்துப் போக இரத்தம் இராது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறைந்து குருதி அமுக்கம் விழும்.

நான் பயிற்சி முடித்த புதிதில், ஓர் இரவு, பிள்ளையின் இரத்தத்தில் ஒட்சிசன் விழ விழ எம்.ஏ.பி.யை ஏற்றிக்கொண்டே போனேன். பிள்ளை இன்னும் நீலம் பாரித்தது. வயதான மிஸ்ஸி ஒருவர் எக்ஸ்ரேயை லைட்டுக்கு முன்னால் பிடித்து, முதுகுப்பக்க விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எட்டு, ஒன்பதில் நிற்க வேண்டிய நுரையீரல் பத்தரைக்கு இறங்கியிருந்தது. இதயத்தின் நிழல் ஒல்லியாகி, உதரவிதானம் தட்டையாகிக் கிடந்தது. இரண்டு இரண்டாகக் குறைத்தோம். அரை மணித்தியாலத்தில் நிறம் திரும்பியது. அந்த விரல் இப்போதும் என் கண்முன் நிற்கிறது.

சரி, காபனீரொட்சைட்டு. அதை வெளியே கொண்டுவருவது முக்கியமாக அதிர்வின் வீச்சு. ஓர் அசைவின் காற்றளவு இரட்டித்தால் வெளியேறுவது ஏறக்குறைய நாலு மடங்காகும். அசைவுகளின் எண்ணிக்கை இரட்டித்தால் இரண்டு மடங்குதான். 12ஐ 10 ஆக்கும்போது ஒவ்வோர் அசைவுக்கும் நேரம் கூடுதலாகக் கிடைத்து, காற்றும் கூடப் போகிறது. வேகம் குறைந்தும் காபனீரொட்சைட்டு நன்றாக வெளியேறுவது அப்படித்தான். எம்.ஏ.பி.க்கு இதில் பங்கே இல்லை என்றும் நினைக்காதீர்கள். ஒட்டிய நுரையீரலும் விம்மிய நுரையீரலும் விறைப்பானவை, அதே அதிர்வு உள்ளே குறைவாகத்தான் போய்ச் சேரும்.

கேள்வி: என் கணவருக்குக் கடும் நியூமோனியா வந்தபோது அந்த அதிர்வு இயந்திரத்தைக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். குப்புறப் படுக்க வைத்தார்கள். அது சரியா?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: சரிதான் அம்மா. பெரியவர்களில் அதிர்வு இயந்திரம் பற்றி 2013இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்றில் பலன் தெரியவில்லை. மற்றதில் அந்த இயந்திரத்தில் இருந்தவர்களில் 47 வீதமானோரும் வழக்கமான வென்டிலேற்றரில் இருந்தவர்களில் 35 வீதமானோரும் வைத்தியசாலையில் இறந்தார்கள். ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே வைத்த சராசரி அமுக்கம் உயர்ந்தது, குருதி அமுக்கத்தைத் தாங்க மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டது. குப்புறப் படுத்தால், அமுக்கத்தை ஏற்றாமலே முதுகுப்பக்க நுரையீரல் திறக்கும். அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வில், தொடர்ந்து 16 மணித்தியாலத்துக்குக் குறையாமல் அப்படிப் படுக்க வைத்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 16 வீதம். மல்லாந்தே படுத்திருந்தவர்களில் அது 32.8 வீதம்.