ஆறாம் பக்கத்தில் நான்கு சென்டிமீட்டர்

கேள்வி: எங்கள் அப்பா ஒரு எழுத்து விடாமல் பேப்பர் படிப்பவர். போன மாதம் நிறுத்தச் சொல்லிவிட்டார். “பரபரப்புக்காக வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள்” என்கிறார். மக்களுக்குப் பத்திரிகைகள் மேல் இருந்த நம்பிக்கை எப்படிப் போனது?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஒரே நாளில் போகவில்லை, சகோதரி. நான் கூடவே இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

1994 நவம்பர் கடைசி. நான் அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் திருவனந்தபுரத்தில் கைதானார். மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா அக்டோபரிலேயே கைதாகியிருந்தார். ராக்கெட் ரகசியத்தை விற்றுவிட்டார்கள் என்று வழக்கு.

மலையாளப் பேப்பர்களில் தினமும் ஒரு கதை வந்தது. அந்தப் பெண்ணைப் பற்றிப் படுக்கையறைக் கதைகள்கூட வந்தன. அவற்றை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் தமிழில் எழுதினோம். ‘போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எதுவும் அச்சேறிவிடும். அந்த வரியை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எந்த வட்டாரம், எந்த அதிகாரி என்று நானும் கேட்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. விற்றதாகச் சொன்னவற்றில் ஒன்று கிரயோஜெனிக் தொழில்நுட்பம், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ராக்கெட் எஞ்சினை ஓட்டும் முறை. அது அப்போது இந்தியாவிடமே இல்லை! விவரம் தெரிந்த ஒருவருக்கு போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பார். போடவில்லை.

1996இல் சிபிஐ, வழக்குக்கு ஆதாரமே இல்லை என்று நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. கைதுக்குப் பக்கத்தின் அகலம் முழுக்க எட்டு காலம் (பத்தி) தலைப்பு போட்ட எங்கள் பேப்பரில் இது ஆறாம் பக்கம், சிங்கிள் காலம், நான்கு சென்டிமீட்டர். பக்கம் கட்டும்போது பக்கத்தில்தான் நின்றேன். மேலே தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை உறுத்துவது அதுதான்.

அப்புறம் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தக் கைதே தேவையற்றது என்று சொல்லி நம்பி நாராயணனுக்கு 50 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. கொடுக்கச் சொன்னது கேரள அரசை. கதை எழுதிய எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு அதற்குள் 24 வருடம் போயிருந்தது.

உங்கள் அப்பா பேப்பரை நிறுத்தியதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. 1994இல் அந்தக் கதைகளைப் படித்தாரா என்று கேட்டுப் பாருங்கள், மார்த்தாண்டத்துக்காரர், படித்திருப்பார். 1996இல் வந்த அந்த நான்கு சென்டிமீட்டர் அவர் கண்ணில் பட்டிருக்காது. அது அவர் தப்பு இல்லை.