37 டொமைன், 4 கணக்கு: எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

கேள்வி: என்னிடம் 37 டொமைன்கள் (இணையதள முகவரிப் பெயர்கள்) இருக்கின்றன. சலுகை வந்தபோதெல்லாம் வாங்கியதில் நான்கு ரெஜிஸ்ட்ரார்களிடம், அதாவது டொமைன் பதிந்து விற்பவர்களிடம், சிதறிக் கிடக்கின்றன. சென்ற மாதம் ஒன்றைப் புதுப்பிக்க மறந்துபோய், பெரிய தொகை கட்டித்தான் மீட்டேன். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர நினைக்கிறேன். விலை குறைவான இடமாகப் பார்த்துப் போய்விடலாமா?

பதில்: இந்த 37-ல் எது கைவிட்டுப் போனால் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது? முதலில் அதை எண்ணுங்கள். தொழில் நடக்கிற பெயர், மெயில் வந்து விழுகிற பெயர் என்று நாலைந்துதான் தேறும். மிச்சமெல்லாம் 'எப்போதாவது உதவும்' என்று வாங்கிப் போட்டவை. இந்த இரண்டு வகைக்கும் ஒரே ரெஜிஸ்ட்ராரைத் தேடுவதால்தான் குழப்பமே வருகிறது.

விலையை முதலில் பேசி முடித்துவிடுவோம். டாட் காம் பெயர்கள் முழுவதையும் வெரிசைன் என்ற ஒரே நிறுவனம்தான் நடத்துகிறது. எல்லா ரெஜிஸ்ட்ரார்களுக்கும் அது விற்கும் மொத்த விலை ஒன்றுதான். அதற்கும் கீழே ஒருவர் முதல் வருடம் தருகிறார் என்றால், இரண்டாம் வருடம் உங்களிடம் வசூலித்துக்கொள்வார். ஆகவே முதல் வருட விலையைப் பார்க்கவே வேண்டாம். ரினியூவல் விலையை 37-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். டொமைன் பதிவில் மற்றவர்களுக்குத் தெரியும் உங்கள் சொந்த விவரங்களை மறைக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். பலர் அதை இலவசமாகவே தரும்போது, கேட்பவரிடம் போக வேண்டிய அவசியம் இல்லை. கிளவுட்ஃபிளேர் என்ற ரெஜிஸ்ட்ரார் லாபம் வைக்காமல் அடக்க விலைக்கே தருகிறது. ஆனால் சாதாரணக் கணக்கு என்றால் நேம்சர்வரும் (உங்கள் பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் சர்வர்) அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். அது உங்களுக்குச் சரிப்பட்டால் தாராளமாகப் போகலாம்.

விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஏதாவது தவறு நடந்தால் எவ்வளவு நாள் தாங்கும் என்பது. உங்களுக்குப் போன மாதம் நடந்தது இதுதான். காலாவதியான பிறகு டாட் காம் பெயருக்கு அதிகபட்சம் 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. அதில் எத்தனை நாள் உங்களுக்குத் தருவது என்பது ரெஜிஸ்ட்ராரின் விருப்பம். சிலர் அதற்குள்ளேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். அழித்த பிறகு 30 நாள் மீட்புக் காலம். நீங்கள் கட்டிய பெரிய தொகை அங்கேதான் வந்திருக்கும். அப்புறம் 5 நாள் கழித்து, அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எந்த ரெஜிஸ்ட்ராரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த நாள் கணக்கும் மீட்புக் கட்டணமும் அவர்களுடைய தளத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் படித்துவிடுங்கள். எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருந்தால், அதுவே ஒரு பதில்.

டொமைன் உலகத்துக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின்படி, காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்தபின் 5 நாளுக்குள்ளும் நினைவூட்டல் வர வேண்டும். வரும். எந்த மெயிலுக்கு வரும் என்பதுதான் விஷயம். கணக்கில் கொடுத்த மெயில் அதே டொமைனில் இருக்கிறது என்று வையுங்கள். டொமைன் நின்றதும் மெயில் நின்றுவிடும். பாஸ்வேர்டை மீட்கும் இணைப்பும் அந்தச் செத்த பெட்டிக்குத்தான் போகும். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தின மாதிரி. என் கதை வேறு. ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். வங்கி புது கார்டு அனுப்பியது, பழைய எண் செல்லாமல் போனது, ஒரே இரவில் ஐந்து பெயர்களுக்குப் பணம் எடுபடவில்லை. எச்சரிக்கை மெயில்கள் எல்லாம் 'டொமைனுக்கென்று' திறந்துவிட்டு நான் எட்டிக்கூடப் பார்க்காத முகவரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெரிய இடங்களுக்கும் இது நடக்கும். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயில் உள்நுழைவுக்குப் பயன்பட்ட தன் பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியாமல் போனது. சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர்தான் பணம் கட்டிச் சரிசெய்தார்.

அடுத்தது திருட்டு. 2021 ஜனவரியில், பெர்ல் என்ற புரோகிராமிங் மொழிக்கான பெர்ல் டாட் காம் களவுபோனது. கணக்கு சில மாதங்களுக்கு முன்பே பறிபோயிருக்க வேண்டும், மாற்றத் தடை இருக்கும் 60 நாள் முடியும்வரை திருடர்கள் காத்திருந்திருக்கிறார்கள் என்பது அதை நடத்தியவர்களின் கணிப்பு. பெயர் திரும்பக் கிடைத்தது, ஆனால் அலைந்துதான். அதனால் உங்கள் முக்கியமான நாலைந்துக்கு, எஸ்எம்எஸ் அல்லாத இரண்டடுக்குப் பாதுகாப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும்) தரும் இடம்தான் வேண்டும். ரெஜிஸ்ட்ரி லாக், அதாவது வெரிசைன் போலப் பெயர்களை நடத்தும் ரெஜிஸ்ட்ரியே போடும் பூட்டு, கிடைத்தால் இன்னும் நல்லது. அதைப் போட்டுவிட்டால், யாரோ உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிட்டாலும், ரெஜிஸ்ட்ரி தரப்பில் தனியாகச் சரிபார்க்காமல் பெயரை நகர்த்த முடியாது. இதற்குக் கூடுதலாகப் பணம் கேட்பார்கள். நாலு பெயருக்கு என்றால் கொடுக்கலாம். முப்பதுக்கும் கொடுப்பது வீண்.

ஆக, என் ஆலோசனை ஒரு ரெஜிஸ்ட்ரார் அல்ல, இரண்டு. முக்கியமானவை ஒரு கெட்டியான இடத்தில், பல வருடத்துக்குச் சேர்த்துப் புதுப்பித்து; ஒரு சமயத்தில் 10 வருடம் வரை போகலாம். மிச்சம், ரினியூவல் மலிவாகவும் மொத்தமாக மாற்றங்கள் செய்யும் வசதியோடும் உள்ள இன்னொரு இடத்தில். ஹோஸ்டிங் கொடுப்பவரிடமே, அதாவது தளத்துக்கு இடம் தருபவரிடமே, டொமைனையும் வைக்காதீர்கள். அங்கே பில் தகராறு வந்தால் இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு நல்ல இடமானாலும் கைமாறலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 2007-ல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற ரெஜிஸ்ட்ரார் தன் அங்கீகாரத்தையே இழந்தது, அதிலிருந்த பெயர்கள் வேறு இடத்துக்குப் போயின. 2023-ல் கூகுளின் ரெஜிஸ்ட்ரார் சேவையான கூகுள் டொமைன்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாடிக்கையாளர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும்: பெயர், எங்கே இருக்கிறது, எப்போது முடிகிறது, எந்த மெயில், எந்த கார்டு.

மாற்றும்போது அவசரப்படாதீர்கள். புதிதாகப் பதிந்ததையும் இப்போதுதான் இடம் மாற்றியதையும் பொதுவாக 60 நாள் அசைக்க முடியாது. உரிமையாளர் பெயரைத் திருத்தினாலும் பலரிடம் இதே பூட்டு விழும். அதனால் முதலில் இடம் மாற்றுங்கள், பிறகு பெயரைத் திருத்துங்கள். காலாவதி ஆனதும் புதுப்பித்த பெயரை 45 நாளுக்குள் மாற்றினால் அந்த வருடம் ரத்தாகிவிடும். பழைய ரெஜிஸ்ட்ராருக்குப் பணம் திரும்பும், அவர் உங்களுக்குத் தருவாரா என்பது அவர் மனசு. டிஎன்எஸ் (பெயரைத் தளத்தோடும் மெயிலோடும் இணைக்கும் அமைப்பு) பழைய இடத்திலேயே இருந்தால் அதை முதலில் வெளியே எடுத்து வைத்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு டொமைனைத் தொடுங்கள். டிஎன்எஸ் பதில்கள் போலியில்லை என்று கையெழுத்திட்டு உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் நேம்சர்வரை மாற்றும் முன்பே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தளம் பாதிப் பேருக்குத் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது, காரணம் புரியாமல் மண்டை காயும். டாட் இன், டாட் யூகே போன்ற நாட்டுப் பெயர்களுக்கு வேறு விதிகள். 

முதலில் ஒன்றுக்கும் உதவாத ஒரு டாட் காமை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆத் கோடு, அதாவது இடம் மாற்றப் பழைய ரெஜிஸ்ட்ரார் தரும் ரகசிய எண், கேட்டால் விதிப்படி 5 நாளுக்குள் தர வேண்டும். சிலர் ஒரு நிமிடத்தில் தருகிறார்கள், சிலர் ஐந்தாம் நாள் வரை இழுக்கிறார்கள். புது இடத்தில் வேண்டுமென்றே ஒரு சந்தேகம் கேளுங்கள், மனிதர் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். திருப்தியாக இருந்தால் மலிவுக் கூட்டத்தை நகர்த்துங்கள், முக்கியமானவற்றைக் கடைசியில். அதற்குள் ஸ்ப்ரெட்ஷீட்டை ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். 'இதை எதற்கு வாங்கினேன்?' என்று யோசிக்க வைக்கிற பெயர்கள் குறைந்தது பத்து இருக்கும். அவற்றை மாற்றவே வேண்டாம், ஆட்டோ ரினியூவலை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று விடுங்கள்.