ஒரு வருடம் சேவை, அப்புறம் காலேஜ்: கணக்கு எங்கே இடிக்கும்?

கேள்வி: நாங்கள் நியூஜெர்ஸியில் இருக்கிறோம். மகளுக்கு 18 வயது, இங்கேயே பிறந்தவள், வரும் ஜூனில் பள்ளி முடிக்கிறாள். மாநிலத்துக்குள்ளேயே நல்ல கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வருடத்துக்கு 34,000 டாலர் செலவு, அதில் 8,000 மெரிட் ஸ்காலர்ஷிப், நான்கு வருடத்துக்கும். இந்த நேரத்தில், ஒரு வருடம் கழித்துத்தான் காலேஜ், அதற்கு முன் பாஸ்டனில் சிட்டி இயரில் சேர்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறேன் என்று நிற்கிறாள். இரண்டு வாரத்துக்கு 870 டாலர் உதவித்தொகை என்று கடிதம் வந்துவிட்டது. முடித்தால் படிப்புக்கு 7,395 டாலர் தருவார்களாம். 529 கணக்கில் (படிப்புச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) 62,000 இருக்கிறது. மகன் பத்தாவது படிக்கிறான். கணவர் "ஒரு வருடச் சம்பளம் போச்சு" என்கிறார். ஊரிலிருந்து மாமியார் தினமும் போன் போட்டு "பிள்ளைக்கு ஃபெயிலா?" என்று கேட்கிறார். 2025-ல் கணவருக்கு ஐந்து மாதம் வேலை இல்லை, அதனால் தள்ளிப்போட்டால் நிதி உதவியில் லாபமா? பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இது சரியா? பாஸ்டன் பக்கத்தில் குயின்ஸியில் என் தங்கை இருக்கிறாள்.

பதில்: மாமியாருக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை. பணத்தை மட்டும் பார்ப்போம்.

முதலில், உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன 8,000 டாலர்தான் இதில் பெரிய தொகை. எல்லோரும் 7,395-ஐயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான்கு வருடத்துக்கு அந்த ஸ்காலர்ஷிப் 32,000 டாலர். சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்கக் கல்லூரி ஒப்புக்கொள்வது வேறு, ஸ்காலர்ஷிப்பையும் தள்ளிவைத்துத் தருவது வேறு. இரண்டையும் பார்ப்பது பல இடங்களில் இரண்டு வேறு அலுவலகங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், சேர்க்கை அலுவலகம் "தாராளமாகப் போய் வா" என்று கடிதம் கொடுத்தது, அடுத்த வருடம் பையன் திரும்பி வந்தபோது ஸ்காலர்ஷிப் பணம் வேறு பிள்ளைகளுக்குப் போயிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் சிட்டி இயர் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கல்லூரிக்கு ஒரு இமெயில் போக வேண்டும், சேர்க்கை அலுவலகத்துக்கும் நிதி உதவி அலுவலகத்துக்கும் சேர்த்தே. 2027 இலையுதிர் பருவத்துக்குத் தள்ளிவைத்தால் இதே ஸ்காலர்ஷிப், இதே தொகை, நான்கு வருடமும் உண்டா என்று கேளுங்கள். அமெரிகார்ப்ஸ் (சிட்டி இயர் இயங்குவது இந்த மத்திய அரசுச் சேவைத் திட்டத்தின் கீழ்தான்) தரும் அந்த 7,395 டாலர் விருது வந்தால் உங்கள் சொந்த உதவித்தொகையில் அதைக் கழிப்பீர்களா என்றும் கேளுங்கள். சில கல்லூரிகள் கழிக்கும், சில கல்லூரிகள் தலைகீழாக அதற்கு ஈடாகத் தங்கள் பங்கையும் சேர்த்துத் தரும். இடையில் கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தால் அதையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் வேறு கல்லூரியில் கிரெடிட் வாங்கினால் தள்ளிவைப்பு செல்லாது என்று நிபந்தனை போடுவது சகஜம். போனில் சொல்வது எதற்கும் ஆகாது, பதில் எழுத்தில் வரட்டும். எழுதுவது உங்கள் மகளாக இருக்கட்டும், நீங்கள் அல்ல.

சரி, இப்போது அந்த 7,395. அமெரிகார்ப்ஸ் தரும் படிப்பு விருது, பெல் கிராண்டின் (வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவி) உச்சத்தொகையோடு கட்டப்பட்டது, அது சில வருடங்களாக அங்கேயே நிற்கிறது. ரொக்கமாகக் கையில் வராது, கல்லூரிக்கோ கல்விக் கடனுக்கோ நேராகப் போகும். சேவை முடிந்து ஏழு வருடம் வரை பயன்படுத்தலாம். ஆனால் எந்த வருடம் பயன்படுத்துகிறாளோ அந்த வருடம் அது வரி கட்ட வேண்டிய வருமானம், அனுப்பும்போது வரியும் பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஏப்ரலில்தான் உறைக்கும். 2027 ஆகஸ்டில் முழுவதையும் போட்டால், அந்த வருடம் ஜனவரி முதல் ஜூன் வரை வாங்கிய உதவித்தொகையும் அதே கணக்கில் ஏறி உட்காரும். 2028-லும் 2029-லுமாகப் பிரித்துப் போடுங்கள், அப்போதும் வரிக்கென்று ஆயிரம் டாலரைத் தனியாக எடுத்து வையுங்கள்.

முழுநேர விருதுக்கு 1,700 மணி நேரம் முடிக்க வேண்டும். ஜனவரியில் பாஸ்டன் குளிரும் வீட்டு நினைப்பும் சேர்ந்து "அம்மா, நான் வந்துடறேன்" என்று அழுதுகொண்டு கிளம்பினால் விருது இல்லை. உடல்நலம் போலத் தவிர்க்க முடியாத காரணம் இருந்து, குறைந்தது 15 சதவீத நேரத்தையாவது முடித்திருந்தால், செய்த அளவுக்குத் தருவார்கள். பிடிக்கவில்லை என்பதும், காலேஜ் சேரப் போகிறேன் என்பதும் அந்தக் காரணங்களில் சேராது. இதை அவளிடம் இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இந்தப் பணம் அரசியல் காற்றில் ஆடுகிற பணம் என்பதையும் மறைக்கக் கூடாது. 1993-ல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த திட்டம், முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, உண்மை. ஆனால் 2025 ஏப்ரலில் அதன் ஒரு பிரிவான என்சிசிசியில் இருந்த இளைஞர்களைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள், சுமார் 40 கோடி டாலர் மானியங்களை நிறுத்தினார்கள், மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போய்த்தான் பலவற்றைத் திரும்ப வாங்கின. அதனால் மகள் பெயரில் 2,500 டாலர் ஒரு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். திட்டம் நின்றுபோனால் இரண்டு மாத வாடகைக்கும் வீட்டுக்குத் திரும்பும் செலவுக்கும் அது ஆகும்.

இப்போது பாஸ்டன். 870 டாலரில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கு 7.65 சதவீதம், அதாவது 66 டாலர் சொச்சம் போகும், மத்திய, மாநில வரியும் கொஞ்சம் பிடிப்பார்கள். கையில் 770 என்று வைத்துக்கொள்வோம், மாதத்துக்கு சுமார் 1,670. உங்கள் தங்கை குயின்ஸியில் இருக்கிறார் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிதான் இந்தத் திட்டத்தையே தாங்குகிறது. சித்தி வீட்டில் தங்கி, மாதம் 400 டாலர் கொடுத்து (கொடுக்கட்டும், வாங்கமாட்டேன் என்றாலும் கொடுக்கட்டும், மூன்றாவது மாதத்தில் உறவு கெடாமல் இருக்கும்), ரெட் லைன் ரயிலுக்கு மாதப் பாஸ் 90 டாலர், போன், மதியச் சாப்பாடு, குளிருக்கு ஒரு நல்ல ஷூ என்றெல்லாம் போனாலும் மாதம் 500 மிஞ்சும். அதையே நான்கு பேரோடு சேர்ந்து அறை எடுத்து 1,200 வாடகை கொடுத்தால் மாதக் கடைசியில் உங்களுக்குத்தான் போன் வரும். சிட்டி இயர் தங்குமிடம் தருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். என்சிசிசியில் இடமும் சாப்பாடும் அவர்களுடையது, உதவித்தொகை குறைவு.

அந்த வாடகையை 529-லிருந்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல்லூரியில் சேர்ந்து படிக்காத வருடத்து வாடகை தகுதியான செலவு இல்லை, வளர்ச்சித் தொகைக்கு வருமான வரியும் அதற்கு மேல் 10 சதவீத அபராதமும் விழும். 62,000-ஐத் தொடாமல் விடுங்கள். 5 சதவீதம் வளர்ந்தால் ஒரு வருடத்தில் 3,100. கல்லூரிச் செலவு 3 சதவீதம் ஏறினால் வருடத்துக்கு ஆயிரம், நான்கு வருடத்துக்கு நாலாயிரம் சொச்சம் கூடும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை உங்கள் திட்டத்திலேயே இருக்கலாம். ஆனால் நியூஜெர்ஸிக்குள் மட்டும் டாக்டர்கள் உள்ள திட்டமாக இருந்தால், பாஸ்டனில் காய்ச்சலுக்குப் போனால்கூட முழுப் பணம் கட்ட வேண்டிவரும். அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஃபாஃப்சா, அதாவது கல்லூரி நிதி உதவிக்கான மத்திய அரசு விண்ணப்பம் பற்றி. அது இரண்டு வருடம் முந்தைய வருமானத்தைப் பார்க்கும். 2025-ல் உங்கள் கணவர் ஐந்து மாதம் வேலை இல்லாமல் இருந்தார், அதனால் தள்ளிப்போட்டால் லாபமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். இந்த வருடமே சேர்ந்தாலும் இரண்டாம் ஆண்டு விண்ணப்பத்தில் அந்த 2025 வந்துவிடும். தள்ளிப்போட்டால் நடப்பது, 2024 கழன்று 2028 சேர்வதுதான். 2028-ல் அவர் எவ்வளவு சம்பாதிப்பார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: மகளின் சேவை உதவித்தொகையை ஃபாஃப்சாவில் அமெரிகார்ப்ஸ் பலன்களுக்கென்று உள்ள கட்டத்தில் நிரப்பினால் அவள் வருமானத்திலிருந்து கழித்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சாதாரணச் சம்பளமாக எடுத்துக்கொள்வார்கள், உதவி குறையலாம்.

நீங்கள் கவனிக்காதது மகன். மகள் இப்போதே சேர்ந்தால் 2028 முதல் 2030 வரை இரண்டு வருடம்தான் இரண்டு பேர் ஒரே நேரத்தில் காலேஜில் இருப்பார்கள். தள்ளிப்போட்டால் மூன்று வருடம். முன்பெல்லாம் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து படித்தால் மத்திய அரசுக் கணக்கில் சலுகை இருந்தது, 2024-25 முதல் அது போய்விட்டது. மொத்தச் செலவு கூடாது, ஆனால் 2030-31-ல் கை கடிக்கும். இந்தச் சும்மா இருக்கும் வருடத்தில் மகளுக்குக் கட்டியிருக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை மகனின் 529-ல் போட்டால் அது சரியாகிவிடும். கார் மாற்றலாமே என்று தோன்றும். தோன்றினால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் சொல்லும் ஒரு வருடச் சம்பளம்: ஆமாம், போகும். முதல் சம்பளம் ஒரு வருடம் தள்ளி வரும், ஓய்வுக்கான சேமிப்பும் ஒரு வருடம் தாமதமாகத் தொடங்கும், அதை மழுப்ப மாட்டேன். ஆனால் எதைப் படிப்பது என்று தெரியாமல் சேர்ந்து, இரண்டாம் வருடம் பாடத்தை மாற்றி, ஐந்தாவது வருடமும் 34,000 கட்டிய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

என் முடிவு இது. ஸ்காலர்ஷிப்பை வைத்திருப்போம் என்று எழுத்தில் வந்தால், சித்தி வீடும் உறுதியானால், போகட்டும். எழுத்தில் வராவிட்டால் இந்த வருடம் வேண்டாம், 32,000-ஐ விட்டு 7,395-ஐப் பிடிப்பதில் அர்த்தமில்லை. சிட்டி இயரில் 25 வயது வரை சேரலாம், பட்டம் வாங்கிய பிறகு போகட்டும், அதே விருதைக் கல்விக் கடனுக்குக் கட்டிக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் ஹெச்-4 விசா (ஹெச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்கான விசா) வீடுகளுக்கு ஒரு வார்த்தை: அமெரிகார்ப்ஸ் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். பிள்ளை விண்ணப்பம் எழுதி ஆசையை வளர்த்துக்கொள்வதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

டெபாசிட் கட்டக் கடைசி நாள் பெரும்பாலும் மே 1, உங்களுக்கும் அதுவே என்றால் அதற்கு இரண்டு வாரம் முன்பாவது கல்லூரியின் பதில் கையில் இருக்க வேண்டும். இமெயில் இன்றைக்கே போகட்டும்.