டாக்டரம்மா பதில்கள்: "உனக்கு எங்கிருந்து வந்தது?"

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைப் பற்றியவை: கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் பி, அதாவது ஈரலைத் தாக்கும் ஒரு கிருமியின் தொற்று. அந்த மூன்றுக்கும் பதில் எழுதியதில் பக்கம் நிரம்பிவிட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விகள் அடுத்த இதழில் வரும்.

கேள்வி: எனக்கு வயது 24. இப்போது ஏழாம் மாதம். போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்ததில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தது. அட்டையில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமியார் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறார். "உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று கணவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அதற்கப்புறம் சரியாகப் பேசுவதில்லை. எனக்குக் காமாலை வந்ததே இல்லை. ரிப்போர்ட் தப்பாக இருக்குமா? குழந்தைக்கும் வந்துவிடுமா?
- பெயர் வேண்டாம், மணப்பாறை

பதில்: கணவர் கேட்ட கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

பெரும்பாலும் உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கும், நீங்கள் பிறந்த அன்றே.

வளர்ந்தவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு உடம்பே அதை விரட்டிவிடும். பச்சைக் குழந்தைக்குத் தொற்றினால் கதை தலைகீழ். நூற்றில் 90 குழந்தைகளுக்கு அது ஈரலிலேயே தங்கிவிடும். காமாலை வராது, காய்ச்சல் வராது, படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் நடக்கும். கர்ப்பமாகி ரத்தம் எடுக்கும்போதுதான் முதன்முதலாகத் தெரியும். நான் பார்த்த கர்ப்பிணிகளில் முக்கால்வாசிப் பேர் உங்களைப் போல, "எனக்கு ஒன்றுமே இல்லையே டாக்டர்" என்று சொன்னவர்கள்தான். நீங்கள் பிறந்தபோது அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி கிடையாது. 2002-ல் சில இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, நாடு முழுக்க வந்தது 2011-ல்தான்.

சரியாகக் கொதிக்க வைக்காத ஊசி, காது குத்திய ஊசி, பரிசோதிக்காமல் ஏற்றிய ரத்தம், உடலுறவு என்று வேறு வழிகளும் உண்டு. எந்த வழியாக வந்தது என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. அதை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை அளக்க யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். அவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் சொல்லும்போது மட்டும் பழி சொல்வதுபோல் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அவருடைய அம்மாவிடமிருந்தே வந்திருக்கலாம்.

அந்தத் தனித் தட்டை இன்றைக்கே உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இது சாப்பாட்டாலோ, தண்ணீராலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, பக்கத்தில் படுப்பதாலோ பரவாது. தண்ணீரில் பரவும் காமாலை வேறு கிருமியால் வருவது. இரண்டையும் "காமாலை" என்ற ஒரே பெயரில் அழைப்பதால் வந்த வினை இது. தனியாக இருக்க வேண்டியவை பிளேடு, பல் பிரஷ், நகவெட்டி. காய்ந்த ரத்தத்தில்கூட இந்தக் கிருமி ஏழு நாள் உயிரோடு இருக்கும்.

ரிப்போர்ட் தப்பாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னொரு முறை பார்த்து உறுதி செய்யலாம், ஆனால் அதற்காக நாளைக் கடத்தாதீர்கள். உங்களுக்கு இப்போது அவசரமாக வேண்டியது வைரல் லோடு பரிசோதனை, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. ஒரு மில்லியில் 2 லட்சம் யூனிட்டுக்கு (IU) மேல் இருந்தால், கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை, தினம் ஒன்று. பிரசவத்துக்குள் கிருமியின் அளவு இறங்க வேண்டும் என்பதால், ஏழாம் மாதத்துக்கு மேல் தள்ளிப்போட இடமே இல்லை. வயிற்றுப் பிள்ளைக்கு இந்த மாத்திரையால் ஆபத்து இல்லை. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள்.

இனி குழந்தை. ஒன்றுமே செய்யாமல் விட்டால், கிருமி அதிகமாக உள்ள தாயிடமிருந்து நூற்றில் 70 முதல் 90 குழந்தைகளுக்குத் தொற்றும். பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் தொற்றும். அதனால் நமக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. பிறந்தவுடன் ஒரு தொடையில் அரை மில்லி தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் ஊசி, அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் தயாரான எதிர்ப்புப் பொருள். பின்னது 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தடுப்பூசிக்கு 24 மணி நேரம் கெடு என்றாலும் இரண்டையும் சேர்த்துப் பிரசவ அறையிலேயே போட்டுவிடுவதுதான் நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடம் ஒன்றில், இப்படிப்பட்ட தாய்க்குக் காலையில் பிரசவம் ஆனது. நான் விடுப்பில் இருந்தேன். தடுப்பூசி பாட்டிலில் பத்து டோஸ் இருக்கும். ஒரு குழந்தைக்காகத் திறந்தால் ஒன்பது வீணாகுமே என்று, திங்கட்கிழமை நாலைந்து குழந்தைகளாகச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை கூட்டத்தில் இந்தக் குழந்தை விட்டுப்போனது. முதல் ஊசி ஒன்றரை மாதத்தில்தான். இரண்டு வயதில் ரத்தம் எடுத்தோம், பாசிட்டிவ். அந்தத் தாள் கையில் இருக்க, மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து அந்தப் பெண் நின்றதும், காலடியில் பிள்ளை செருப்பைக் கழற்றி விளையாடிக்கொண்டிருந்ததும் என் கண்ணிலேயே இருக்கின்றன. இத்தனைக்கும், திறந்த பாட்டிலில் தேதியெழுதிக் குளிரில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று அரசின் விதியே இருக்கிறது. ஒன்பது டோஸும் வீணாகியிருக்காது.

அதனால் மகளே, வலி எடுத்துப் போகிறபோது அந்தச் சிவப்பு மை அட்டை மேலேயே இருக்கட்டும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். "இம்யூனோகுளோபுலின் இருப்பில் இருக்கிறதா?" என்று ஒன்பதாம் மாதமே கேட்டு வையுங்கள். கூட வருபவரிடம் சொல்லி வையுங்கள்: குழந்தை பிறந்த நேரம், ஊசி போட்ட நேரம், இரண்டையும் அட்டையில் எழுதி வாங்க வேண்டும். பிறகு 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே மீதி டோஸ்கள் வந்துவிடும். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனதும் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தப்பித்ததா என்பது தெரிந்துவிடும். ஊசிகள் ஒழுங்காக விழுந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தப்பிக்கிறார்கள்.

கேள்வி: என் மகளுக்கு எட்டாம் மாதம். இதே நோய்தான். வளைகாப்பு முடித்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறேன். கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்துப் பத்தியம் வைக்கலாமா? ஆபரேஷன்தான் செய்ய வேண்டும், தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்கிறார்களே?
- ஒரு தாய், சங்கரன்கோவில்

பதில்: அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. கீழாநெல்லியை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்கே நம் கீழாநெல்லியில் ஆர்வம் கொண்டு, சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து 1988-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் பின்னால் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. கர்ப்பிணிக்குக் கொடுத்துச் சோதனை பார்க்க வேண்டாம். பத்தியம் அதைவிட மோசம். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், பருப்பும் முட்டையும் நிறுத்தி எட்டாம் மாதப் பெண்ணைப் பட்டினி போட்டால் ரத்தம்தான் குறையும். வயிறார எல்லாம் சாப்பிடட்டும்.

இந்த நோய்க்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை. சுகப்பிரசவம் ஆகலாம். தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம், டெனோஃபோவிர் சாப்பிட்டாலும் கொடுக்கலாம். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால், ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்காமல் பீய்ச்சி எடுத்துவிடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு நீங்கள் செய்ய வேண்டிய பெரிய உதவி ஒன்று உண்டு. பிள்ளை பிறந்ததும் எல்லோர் கவனமும் பிள்ளை மேல் போய்விடும், தாயின் ஈரலை யாரும் நினைப்பதில்லை. பிரசவமான சில மாதங்களில் இந்தக் கிருமி சிலருக்குத் திடீரென்று கிளம்பும். அதனால் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரல் பரிசோதனை. அந்த நாளில் பேரப்பிள்ளையை நீங்கள் வைத்துக்கொண்டு மகளை அனுப்பி வையுங்கள்.

கேள்வி: மனைவிக்கு ஐந்தாம் மாதம், ஹெபடைடிஸ் பி இருக்கிறது. எனக்குப் பார்த்ததில் நெகட்டிவ். நான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. முதல் ஊசி இந்த வாரமே, இரண்டாவது அடுத்த மாதம், மூன்றாவது, முதல் ஊசி போட்டு ஆறு மாதம் கழித்து. மூன்றும் முடியும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். நாள் கணக்குப் பார்த்தால் உங்கள் மூன்றாவது ஊசியும் குழந்தையின் ஒன்றரை மாத, இரண்டரை மாத ஊசிகளும் அக்கம்பக்கமாக வரும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள்.