அயர்ன் மாத்திரை எது வாங்கறது? டப்பாவோட முன்பக்கத்த பாக்காதீங்க

நீடாமங்கலம் பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. வயசு 36, ஹீமோகுளோபின் 9.2, ஃபெரிட்டின் 7. டாக்டர் எழுதின அயர்ன் மாத்திரை வயித்த பொரட்டுதுன்னு பத்து நாள்ல நிறுத்திட்டாங்களாம். இப்ப நாத்தனார் 1,450 ரூபாக்கு ஒரு பவுடர் டப்பாவ தலைல கட்டியிருக்காங்க, மெடிக்கல்ல கேட்டா டானிக்க எடுத்து நீட்டறாங்க, தைராய்டு மாத்திரை வேற ஓடுது, எதத்தான் சாப்புடறதுன்னு கேக்கறாங்க.

நான் டாக்டர் இல்லம்மா, 31 வருஷம் கவுண்டருக்கு உள்பக்கம் நின்ன மருந்தாளுநர். அதனால மருந்து எப்படி வேலை செய்யுதுன்னும் தெரியும், எப்படி விக்குதுன்னும் தெரியும்.

ஃபெரிட்டின்ங்கறது நம்ம வீட்டு நெல்லுக் குதிர் மாதிரி, உடம்பு அயர்ன சேத்து வைக்கிற எடம். 15க்கு கீழ வந்தாலே குதிர் காலின்னு அர்த்தம், உங்களுக்கு 7. இந்த நெலமைல பேரீச்சம்பழம், வெல்லம்லாம் ருசிக்கு சாப்புடுங்க, மருந்துன்னு நெனைக்காதீங்க. 100 கிராம் பேரீச்சம்பழத்துல அயர்ன் சுமார் 1 மில்லிகிராம்தான், ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்கற அயர்ன் மாத்திரை ஒண்ணுல 60. முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) நல்லதுதான், ஆனா அது குதிர் ரொம்புனதுக்கு அப்பறம் கொறையாம பாத்துக்க.

இப்ப கடைக்கு வருவோம். டப்பா முன்னாடி பெருசா 200 மி.கி., 300 மி.கி.ன்னு போட்டுருப்பான், அது இரும்பு கலந்திருக்கற மருந்து உப்போட (ஃபெரஸ் சல்ஃபேட் மாதிரி) மொத்த எடை. உள்ள இருக்கற நெசமான இரும்பு எவ்வளவுன்னு பின்பக்கம் பொடி எழுத்துல "எலிமெண்டல் அயர்ன்"னு இருக்கும், அத மட்டும் பாருங்க. ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. மாத்திரைல சுமார் 65, ஃபெரஸ் ஃப்யூமரேட் 200லயும் கிட்டத்தட்ட அவ்வளவே, ஆனா ஃபெரஸ் குளுகோனேட் 300 வாங்குனா வெறும் 35தான். நெல்லு மூட்டைய எடை போட்டு அரிசி வெல குடுக்கற கதை. அந்த எலிமெண்டல்ங்கற வார்த்தையே டப்பால இல்லன்னா கையால தொடாதீங்க, உங்க நாத்தனார் பவுடர் டப்பாவயும் திருப்பிப் பாருங்க, "இயற்கை இரும்புச்சத்து"ன்னு இருக்குமே தவிர நம்பர் இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

டானிக்க ஏன் நீட்டறாங்கன்னா அதுல லாபம் ஜாஸ்தி, பாட்டிலும் சீக்கிரம் தீரும், திரும்ப வருவீங்க. பேர் பெத்த சிவப்பு டானிக்குகள்ல ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 160 மி.கி.ன்னு இருக்கும், அதுல இரும்பு சுமார் 33தான், அதுவும் ஃபெரிக் வகை, ஃபெரஸ் அளவுக்கு உடம்புல சேராது. இன்னொரு கூத்து இருக்கு, "ரத்தம் ஏற ட்ரிப் போடறேன்"னு குளுகோஸ் பாட்டில்ல மஞ்சளா ஒரு ஊசிய கலந்து ஏத்தி ஐநூறு அறுநூறு வாங்கிடுவாங்க. மஞ்சளா இருந்தா அது விட்டமின், அதுல இரும்பு துளி கூட கெடையாது. நெசமான அயர்ன் ட்ரிப் கரும்பழுப்பா இருக்கும், மாத்திரை சேராதவங்களுக்கு ஆஸ்பத்திரில வச்சு டாக்டர் மேற்பார்வைல போடறது அது.

அப்ப எது வாங்கறது? எதுவும் வாங்க வேணாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்கற செகப்பு மாத்திரைல 60 மி.கி. எலிமெண்டல் அயர்ன், கூட 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். காசு இல்லாம கெடைக்கறதால அது மட்டம்னு ஒரு நெனப்பு நம்ம ஜனங்களுக்கு. குடுக்கறவங்களும் "இந்தா, தெனம் ஒண்ணு"ன்னு ஸ்ட்ரிப்ப தூக்கிப் போடறதோட சரி, வயித்த பொரட்டும், கருப்பா வெளிக்குப் போகும், டீ குடிக்காதன்னு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இல்ல, ரெண்டு நிமிஷ ஓபில யார் சொல்றது, கடைசில நல்ல மருந்து வாய்க்கால்ல மெதக்குது. நானே பாத்து வயிறு எரிஞ்சிருக்கேன். அது கெடைக்கலன்னா ஜெனரிக் கடைல ஃபெரஸ் சல்ஃபேட்டோ ஃப்யூமரேட்டோ வாங்குங்க. ஃபெரஸ் ஆஸ்கார்பேட் 100 நல்ல மருந்துதான், வெலைதான் பல மடங்கு.

வயித்து பொரட்டலுக்கு வழி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே ஒரு மாத்திரை. ஏமாத்துற வேலை இல்ல இது. ஒரு டோஸ் உள்ள போனதும் கல்லீரல் ஹெப்சிடின்ங்கற ஒரு ஹார்மோன விட்டு குடலோட மதகை எறக்கிடும், மறுநாளும் அது பாதி எறங்கித்தான் கெடக்கும். அந்த நேரத்துல இன்னொரு மாத்திரை போட்டா அதுல பெரும்பகுதி வடிகால்ல போற தண்ணிதான், குடல்ல தங்கி வயித்த கலக்கும். உங்க டாக்டர்கிட்ட "நாள் விட்டு நாள் எடுக்கவா"ன்னு கேட்டுட்டு ஆரம்பிங்க.

இப்ப தைராய்டு. இத அழுத்தி சொல்றேன், ஏன்னா யாரும் சொல்றதில்ல. தைராக்ஸினும் (அதான் உங்க தைராய்டு மாத்திரை) அயர்னும் வயித்துல ஒண்ணா சேந்தா ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும், தைராய்டு மாத்திரை ரத்தத்துல ஏறாது, ரத்த டெஸ்ட்ல பாக்கற டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு நம்பர் ஏறிப்போயி டாக்டர் தைராய்டு டோஸ கூட்டுவாரு, நீங்க அயர்ன நிறுத்துனதும் அந்த கூடுன டோஸ் படபடன்னு நெஞ்ச அடிக்கும். நாலு மணி நேரம் எடைவெளி வேணும். காலைல ஆறுக்கு வெறும் வயித்துல தைராய்டு, அரை மணிக்கு மேல ஆனதும் காபி டிபன். அயர்ன ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு தண்ணில போடுங்க, போட்ட ஒடனே படுக்காதீங்க. கால்சியம் மாத்திரை இருந்தா அத மதியத்துக்கு தள்ளுங்க. பதினோரு மணிக்கு போடலாமேன்னா போடலாம், ஆனா நம்மூருல பதினோரு மணிக்கு டீ இல்லாத வீடு எது, டீ கூட சேந்தா பாதிக்கு மேல போச்சு. ராத்திரிதான் தோது. தைராய்டு மாத்திரைய ராத்திரி போடறவங்களா இருந்தா இத அப்படியே தலைகீழா திருப்பிக்கங்க.

வெளிக்கு கருப்பா போனா பயப்பட வேணாம். தார் மாதிரி பிசுபிசுன்னு, நாத்தத்தோட போனா மட்டும் ஒடனே ஆஸ்பத்திரி. சின்னப் புள்ளைங்க இருந்தா பரண்ல வைங்க, மிட்டாய்னு நாலஞ்சு முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து.

நாலு வாரம் கழிச்சு ஹீமோகுளோபின் மட்டும் பாருங்க, ஒரு பாயிண்டாவது ஏறியிருக்கணும். ஏறலன்னா மாத்திரைய மாத்தாதீங்க, ரத்தம் எங்க போகுதுன்னு தேடச் சொல்லுங்க. மாதவிடாய் எத்தன நாள் போகுது, நடவு வேலைக்கு வெறுங்காலோட வயல்ல எறங்கறீங்களா, கால் வழியா ஏறி குடல்ல ரத்தம் குடிக்கற கொக்கிப்புழு இருக்கான்னு. 12க்கு வந்ததும் நிறுத்திடாதீங்க, குதிர் ரொம்ப இன்னும் மூணு மாசம் ஆகும்.

அந்தப் பவுடர் சீல் பிரிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுங்க. நாத்தனார் கோச்சுக்கிட்டா, மெடிக்கல்காரர் ஒருத்தர் வேணாம்னுட்டார்னு எம்மேல பழியப் போட்டுடுங்க.